பாய்மரப் படகுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர்: வாங்கியதும் இணைத்ததும்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் பக்கம் எங்கள் படகு நிற்கிறது. 34 அடி நீளம், உள்ளே டீசல் எஞ்சின் வைத்த பழைய பாய்மரப் படகு. நானும் ஒரு நண்பரும் பங்கு போட்டு வாங்கியது. மரீனாவில், அதாவது படகுகள் நிறுத்தும் துறையில், கட்டியிருக்கும்வரை மின்சாரத்துக்குக் கவலையே இல்லை. கரையிலிருந்து தடிமனான வயர் ஒன்று வந்து படகில் செருகிக்கொள்ளும், ஃபிரிட்ஜும் சார்ஜரும் தன்பாட்டில் ஓடும். செசபீக் விரிகுடாவின் ரோட் ரிவர், வை ரிவர் மாதிரி உள்ளடங்கிய இடங்களில் நாலைந்து நாள் நங்கூரம் போட்டுத் தங்கும்போதுதான் கணக்கு இடிக்கும்.

எங்களிடம் இருப்பது கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் பேட்டரிகள் நான்கு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 12 வோல்ட்டில் சுமார் 450 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் கையில் இருப்பது உண்மையில் 225தான். ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-மணி போல எடுக்கும். மேலே 200 வாட் சோலார் பேனல் இருக்கிறது. நல்ல வெயிலில் 60, 70 ஆம்பியர்-மணி கொடுக்கும். ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பக்கம் மூன்று நாள் மேகம் மூடினால் பெரிதாக ஒன்றும் கொடுக்காது. படகின் டீசல் எஞ்சினையே ஓட்டி சார்ஜ் செய்யலாம்தான். ஆனால் நங்கூரத்தில் நின்றபடி சுமையே இல்லாமல் டீசல் எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் சுவர் பளபளப்பேறி, கரி படிந்து, எஞ்சின் கெடும். நிரந்தரமாகப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டருக்கு எங்கள் படகில் இடமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. ஆக, கையில் தூக்கிப் போகும் பெட்ரோல் ஜெனரேட்டர்தான் என்று முடிவானது.

எவ்வளவு பெரியது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நண்பர் தூத்துக்குடிக்காரர். "அண்ணே, வாங்குறதுதான் வாங்குறோம், பெரிசா ஒண்ணு வாங்கிடுவோம். ராத்திரி ஏசி போட்டுட்டுத் தூங்கலாம்ல?" என்றார். செசபீக்கின் ஆகஸ்ட் இரவுப் புழுக்கம் தெரிந்தவர்கள் அவர் ஆசையில் குற்றம் சொல்ல மாட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏசி ஓட வேண்டுமென்றால் எல்லோரும் தூங்கும் நேரத்தில், மூடிய அறைக்குப் பக்கத்தில், பெட்ரோல் எஞ்சின் ஓடும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலியும் குமட்டலும்தான் முதல் அறிகுறி. படகில் அவை வந்தால் கடல் மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவோம். "பேட்டரி சார்ஜ் பண்ண மட்டும், பகல்ல மட்டும், எல்லாரும் முழிச்சிருக்கும்போது மட்டும். அப்படின்னா வாங்குவோம் தம்பி, இல்லேன்னா வேண்டாம்" என்றேன். அவரும் யோசித்துவிட்டுச் சரி என்றார். இதை வாங்கும் முன்பே பேசி முடித்தது நல்லது. பெரிய மெஷின் கையில் இருந்தால் ஒரு புழுக்கமான இரவில் யாராவது அதை ஓட்டத்தான் செய்வார்கள்.

அப்புறம் அளவு. எங்கள் சார்ஜர் 60 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 864 வாட். சார்ஜரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் உள்ளே இழுப்பது ஆயிரம் வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. இதைப் பார்த்துவிட்டு 1200 வாட் ஜெனரேட்டர் போதுமே என்று தோன்றும். போதாது. பழைய வகை சார்ஜர்கள் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் மின் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.65 அளவில்தான் இருக்கும். அப்போது ஜெனரேட்டர் தாங்க வேண்டியது ஏறக்குறைய 1,560 வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள புது சார்ஜர் என்றால் இந்தப் பிரச்சினை கிடையாது, 1,050க்குள் முடிந்துவிடும். சார்ஜரின் கையேட்டில் இந்த ஒரு எண்ணைத் தேடிப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

நாங்கள் எடுத்தது ஹோண்டா இயூ2200ஐ. உச்சம் 2,200 வாட், தொடர்ந்து 1,800 வாட். எடை 21 கிலோ சொச்சம், ஒருவர் தூக்கலாம். ஒரு டாங்க் 3.6 லிட்டர், கால் பங்கு சுமையில் 8 மணி நேரம், முழுச் சுமையில் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். மின்சாரத்தை மின்னணுச் சுற்று வழியாகச் சீராக்கித் தரும் இன்வெர்ட்டர் வகை என்பதால் சத்தமும் குறைவு, மின் அலையும் சுத்தம். அதில் 12 வோல்ட் சாக்கெட் ஒன்றும் உண்டு. அதை வைத்தே பேட்டரியை நேராக சார்ஜ் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் 8 ஆம்பியர். காருக்கு ஆகும், எங்கள் பேட்டரி வங்கிக்குப் பகல் முழுக்க ஓட்டினாலும் பற்றாது. படகின் சொந்த சார்ஜர் வழியாகத்தான் போக வேண்டும்.

இணைப்பு பார்க்க ரொம்ப எளிது. ஜெனரேட்டரில் இருப்பது அமெரிக்க வீடுகளின் சாதாரண மூன்று கால் சாக்கெட். படகின் கரை மின் வயரில் இருப்பது 30 ஆம்பியர், முறுக்கிப் பூட்டும் வகை. இரண்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர் துண்டு போதும், படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். படகில் வேறு சாக்கெட் எதுவும் நாங்கள் புதிதாக வைக்கவில்லை. கரை மின்சாரம் நுழையும் அதே வாயில்தான் ஜெனரேட்டருக்கும். ஒரே வயர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் செருக முடியாது, அதனால் இரண்டு மின்சாரமும் மோதிக்கொள்ளும் பேச்சே இல்லை.

முதல் தடவை மரீனாவில் வைத்துச் செருகினோம். படகின் மின் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் எச்சரிப்பதற்காக வைத்தது. அது மங்கலாக எரிந்தது. அடாப்டரைச் சோதித்தேன், வயர்கள் சரியான இடத்தில்தான் இருந்தன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 60. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 60!

காரணம் இதுதான். இந்த மாடலில் நியூட்ரல் மிதக்கிறது. எர்த்தோடு எங்கும் சேர்க்கப்படவில்லை. வீட்டிலும் கரையிலும் நியூட்ரலையும் எர்த்தையும் மின்சாரம் புறப்படும் இடத்தில் ஒரே ஒரு முறை சேர்த்துவைப்பார்கள். அந்தச் சேர்க்கை இருந்தால்தான் ஒரு கருவிக்குள் ஃபேஸ் வயர் உலோக உறையைத் தொடும்போது மின்சாரம் எர்த் வழியாகத் திரும்பிப் போய் பிரேக்கரைத் தட்டும். மிதக்கும் நியூட்ரலில் அந்தத் திரும்பும் வழியே இல்லை. பிரேக்கர் விழாது. மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டும் பேசாமல் இருக்கும். பழுது மறைந்தபடியே கிடக்கும்.

படகு மின்சாரம் மட்டுமே பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை மரீனாவில் பிடித்தோம். அவர் சொன்ன விதி அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏபிஒய்சியின் மின் தரத்திலும் உள்ளது: நியூட்ரலும் எர்த்தும் மின்சாரம் பிறக்கும் இடத்தில் மட்டும் சேர வேண்டும். கரை மின்சாரம் என்றால் கரையில், ஜெனரேட்டர் என்றால் ஜெனரேட்டரில். எனவே ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில், உள்ளே நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்ட ஒரு தனி பிளக்கைச் செருகிவைக்கச் சொன்னார். செருகியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம்.

அந்த பிளக்கில் "ஜெனரேட்டருக்கு மட்டும்" என்று எழுதி, ஒரு சங்கிலியால் மெஷினின் கைப்பிடியிலேயே கட்டிவிட்டேன். விளக்கு எரிகிறதே என்று படகின் மின் பலகைக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் வயர் போட்டுச் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறுநாள் கரை மின்சாரத்தில் செருகும்போது நியூட்ரலில் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வயரில் போகும். படகின் எர்த் அடியில் உள்ள ப்ரொப்பெல்லர் தண்டு வரை இணைந்திருக்கிறது. அங்கிருந்து தண்ணீருக்குள் இறங்கும். உப்பு குறைந்த ஆற்று நீரில் பக்கத்தில் நீந்துகிற ஒருவரின் தசைகள் இறுகி, அவர் மூழ்கிப்போக அந்தக் கொஞ்ச மின்சாரம் போதும். மரீனாக்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கட்டுமான வேலைக்கென்று வரும் இபி2200ஐ மாடலில் நியூட்ரல் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும், தனி பிளக் தேவையில்லை. விலை சற்றுக் கூடுதல். கிடைத்தால் அதையே வாங்கலாம்.

எங்கே வைப்பது என்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். நங்கூரத்தில் படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். அதனால் பின்புறம் வைத்து, புகைவாயை இன்னும் பின்னோக்கித் திருப்பினால் புகை விலகிப் போய்விடும் என்பதுதான் பொதுவான கணக்கு. நடப்பது அப்படியே இல்லை. ஓடும் லாரிக்குப் பின்னால் தூசி சுழன்று ஏறுவது போல, கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று புகையைத் திரும்ப இழுத்துவரும். அலையேற்றம் இறக்கம் மாறும் நேரத்தில் படகு நீரோட்டத்துக்குத் திரும்பிவிடும், அப்போது காற்று பின்புறமிருந்து நேரே வாசலுக்குள் அடிக்கும். கார்பன் மோனாக்சைடின் அளவை எண்ணில் காட்டும் மானி ஒன்றை வாங்கி, ஜெனரேட்டரை ஒவ்வோர் இடமாக வைத்து ஓட்டி, உள்ளே படுக்கை வரைக்கும் போய்ப் பார்த்தோம். கடைசியில் நிலைத்த ஏற்பாடு: பின்புற நீச்சல் மேடையில் ரப்பர் பாய் விரித்து, பட்டையால் இறுக்கிக் கட்டி, புகைவாய் வெளிப்பக்கம். கேபின் வாசல் பலகைகளும் பின்பக்க ஜன்னல்களும் மூடியிருக்கும், முன்பக்க ஹேட்ச் (மேல்தளக் கதவு) மட்டும் திறந்திருக்கும். காற்று செத்துப்போன நேரத்தில் ஓட்டுவதில்லை.

உள்ளே படகுக்கென்று சான்றளிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு அலாரங்கள், படுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒன்று. புது ஜெனரேட்டர்களில் இந்த வாயு கூடினால் தானே நிற்கும் சென்சார் வருகிறது. நல்லதுதான், ஆனால் அது அளப்பது மெஷினுக்குப் பக்கத்துக் காற்றை. குழந்தை உறங்கும் அறையை அல்ல. ஜெனரேட்டர் ஓடும்போது பின்புறம் யாரும் நீந்தவும் கூடாது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பவல் ஏரியில், ஒரு படகு வீட்டின் நீச்சல் மேடைக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையால் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். திறந்த வெளி, பகல் நேரம். அந்தச் செய்தியைப் படித்த பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விதி ஒன்றே: மெஷின் சத்தம் கேட்டால் தண்ணீரில் இறங்காதே.

பெட்ரோலும் அதே கவனத்தைக் கேட்கிறது. டீசல் படகில் பெட்ரோல் ஆவிக்கென்று எந்த ஏற்பாடும் இருக்காது. அந்த ஆவி காற்றைவிடக் கனம், வழிந்து படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பம்ப் சுவிட்சின் பொறி போதும். காக்பிட் (படகின் பின்பக்கத் திறந்த உட்காருமிடம்) பெட்டிக்குள் ஜெனரேட்டரை வைக்க நண்பர் இடம் பார்த்தார். அந்தப் பெட்டி எஞ்சின் அறையோடு திறந்திருக்கிறது. அதனால் மெஷினும் பெட்ரோல் கேனும் வெளியே, பின்புறக் கம்பியோரம். சின்ன டிங்கிப் படகின் நாலு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் இதே பெட்ரோல்தான், தனியாக ஒன்று சுமக்க வேண்டியதில்லை. சூடு முழுக்க ஆறிய பிறகுதான் ஊற்றுவோம். படகின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்தோம்.

இப்போது ஓட்டும் முறை இப்படி. காலைச் சாப்பாடு முடிந்து, பக்கத்துப் படகுக்காரர்களும் எழுந்த பிறகு, மின் பலகையில் எல்லா பிரேக்கரையும் இறக்கிவிடுவோம். வெந்நீர் ஹீட்டர் மட்டுமே 1,500 வாட். அதை மறந்தால் ஜெனரேட்டர் சுமை தாங்காமல் மின்சாரம் கொடுப்பதை நிறுத்திவிடும். எஞ்சின் சூடாகி நிதானப்பட்டதும் சார்ஜர் பிரேக்கரை மட்டும் ஏற்றுவோம். ஏற்றும்போது, சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் சிக்கன சுவிட்ச் அணைந்திருக்கும், சுமை நிலைத்த பிறகு போடுவோம். இரண்டு மணி நேரத்தில் நூறு ஆம்பியர்-மணிக்கு மேல் ஏறிவிடும். எண்பது சதவீதத்துக்கு மேல் பேட்டரி தானே இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஓட்டுவது பெட்ரோல் தண்டம். மிச்சத்தை வெயில் வரும்போது சோலார் பார்த்துக்கொள்ளும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை. அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த எரிபொருள் சில மாதத்தில் கெட்டு கார்புரேட்டரை அடைத்துவிடும். அதனால் எத்தனால் இல்லாத பெட்ரோலை மரீனா பங்க்கில் வாங்குகிறோம். அக்டோபர் முடிவில் டாங்கைக் காலி செய்து, எரிபொருள் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டி, மெஷினை வீட்டு கராஜுக்கு எடுத்துப் போய்விடுகிறோம்.