திரைக்கு முன்னால் கட்டியக்காரன்

வைகாசி 3
தெருக்கூத்தில் கட்டியக்காரனைக் கோமாளி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கட்டியம் கூறுகிறவன் அவன். ராஜா வரவைச் சபைக்குச் சொல்வதுதான் முதல் வேலை, சிரிப்பு அடுத்தது.

இன்று ஒப்பனை. வெள்ளைப் பவுடரில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கையில் குழைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் விளக்குச் சூட்டில் வழிந்து கண்ணில் இறங்கும். குறைந்தால் வாயோரம் வெடிக்கும். கூம்புக் குல்லாவின் நாடாவைப் பின்கழுத்தில் முடியுங்கள். தாடைக்கு அடியில் இறுகினால் பேச்சு குழறும்.

வைகாசி 5
ராஜா போன்ற பெரிய வேஷம் கட்டும் கட்டை வேஷக்காரருக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரம். முகம் எழுதி, இதையெல்லாம் ஏற்றிக் கட்ட மணிக்கணக்காகும். அதுவரை களரியை, அதாவது கூத்தாடும் களத்தை, தாங்குகிறவன் கட்டியக்காரன்.

இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் விருத்தப் பாட்டை எடுக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. முகவீணை என்ற சிறு ஊதுகுழல் அந்தக் குரலோடுதான் இழைகிறது. திரை விலகி, ராஜா அத்தனை கனத்தோடு கிறுக்கி அடித்து, அதாவது சுழன்று ஆடி, நின்றதும் அவருக்கு மூச்சு வேண்டும். கட்டியக்காரன் கேள்வி கேட்பது அதற்காகவும்தான். அவர் மார்பைப் பாருங்கள். ஏறி இறங்குவது அடங்கும்வரை பேச்சை இழுக்கலாம். அதைத் தாண்டினால் தாளம் ஆறிப்போகும்.

மூச்சு அடங்கியதும் ராஜா கேட்பார், கட்டியக்காரன் பதில் சொல்வான்.

“மாதம் மும்மாரி பொழிகிறதா?”
“பொழியுதுங்க ராஜா.”

இங்கே நிறுத்துங்கள். மத்தளத்தில் ஒரு தட்டு விழட்டும்.

“நம்ம ஊரு ஏரிக்குத்தான் வழி தெரியல.”

ஊர்ப் பெயரையும் ஏரிப் பெயரையும் சாயங்காலமே விசாரித்து வைப்பது நல்லது. தப்பான ஏரியைச் சொன்னால் கூட்டம் கைவிட்டுப் போகும். சிரிப்பு உச்சியில் இருக்கும்போது அடுத்த வரியைச் சொல்கிறார்கள் பலர். அது யார் காதிலும் விழாது.

வைகாசி 6
மைக்கை வாய்க்கு நேராக வைத்தால் ‘ப’ எல்லாம் வெடிக்கும். சற்றே பக்கவாட்டில் வையுங்கள்.

வைகாசி 9
பாஞ்சாலியின் துகிலை உரியும் கூத்து. சூதாட்டம் வரைக்கும் கிண்டல் செல்லும். துச்சாதனன் கூந்தலைப் பிடித்தபின் ஒரு சொல்கூட விளையாட்டாக வரக் கூடாது. எதிரே இருப்பவர்கள் பாஞ்சாலியை அம்மன் என்று கும்பிடுகிறவர்கள், கையில் கற்பூரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

சும்மா ஒதுங்கி நிற்பதும் சரியில்லை. குல்லாவைக் கழற்றி, இரவெல்லாம் ராஜாவைக் கேலி பேசிய அதே வாயால், குரலைத் தாழ்த்தி, “வேணாம் ராஜா” என்றால் போதும். இரண்டாம் முறை சொல்ல வேண்டாம். அதன்பின் பின்பாட்டுக்காரர் பக்கம் போய்த் தாளம் பிடிக்கலாம்.