மூளைக்குள் வாய்க்கால் பார்த்த ஞாயிறுகள்

மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களைப் புரிந்துகொள்ள கும்பகோணத்தில் ஆய்வு வட்டம் நடத்துவதில் முதல் வேலை, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிப்பது. இது புரியவே எனக்கு மூன்று மாதம் ஆனது. தையிலும் வைகாசியிலும் பாதிப் பேர் கல்யாணப் பந்தியில் இருப்பார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாபநாசம், வலங்கைமான் பக்கத்து ஆட்கள் வர முடியாது. அறுப்பு நேரத்தில் ஒரு பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவான். இப்போதெல்லாம் வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரை விரித்துவைத்துத் தேதி குறித்துவிடுகிறோம்.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். என்னிடம் படித்த தம்பி ஒருவன், பிறகு டிப்ளமோ முடித்து, தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறான். ஒருநாள் பார்க்க வந்தவன், “சார், டிஃப்யூஷன் டிஃப்யூஷன்னு தினமும் எடுக்கிறேன். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு யாரும் சொன்னதே இல்லை” என்றான். அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

டிஃப்யூஷன் என்றால் விரவல், திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் தாமாகப் பரவி நகர்வது. அவன் எடுப்பது பக்கவாதத்துக்கு. மூன்று திசைகளில் அளந்தால் போதும், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ரத்தம் போகாத இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகளின் நடமாட்டம் குறையும், அந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரியும். மூளையின் வெண்பொருளுக்குள், அதாவது நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் பகுதிக்குள், இழைகள் எந்தப் போக்கில் ஓடுகின்றன என்று பார்க்க இது போதாது. இழையின் நீளவாக்கில் தண்ணீர் தாராளமாக நகரும், குறுக்கே தடைபடும். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு வாக்ஸலிலும் (படத்தின் மிகச் சிறிய கனசதுரத் துண்டு) ஒரு டென்சராக, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று சொல்லும் எண் கட்டமாக, எழுதலாம் என்று பாசர், மாட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் 1994-ல் காட்டினார்கள். டென்சரில் தெரியாத எண்கள் ஆறு. ஆகவே குறைந்தது ஆறு திசைகளில் அளக்க வேண்டும், கூடவே டிஃப்யூஷனை அளக்காத படம் ஒன்று. நடைமுறையில் 30, 60 திசைகள் எடுக்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள். எம்.எஸ்சி. மாணவர்கள், கம்ப்யூட்டர் படிக்கும் பையன்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா, ரேடியாலஜி மேற்படிப்பில் இருக்கும் டாக்டர் பெண், அப்புறம் நம் டெக்னீஷியன். மூடிக் கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் மாடியை நண்பர் திறந்துவிட்டார். நான் போர்டு நிறைய டென்சர் எழுதினேன். நாலாவது வாரம் வந்தது ஐந்து பேர். பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் முகத்துக்கு நேரே சொன்னார்: “நீங்க போர்டுகிட்ட பேசிட்டிருக்கீங்க சார்.”

அடுத்த வாரம் பூக்கடையிலிருந்து வாழைநார் வாங்கிக்கொண்டு போனேன். நாரை இறுகக் கட்டி, நடுவில் ஒரு சொட்டு மை விட்டோம். நாரோடு நீளமாக ஓடியது, பக்கவாட்டில் அவ்வளவாகப் பரவவில்லை. அதே சொட்டை ஒற்றுத்தாளில் விட்டால் வட்டம். (உண்மையில் நாரில் நடப்பது நுண்புழை ஏற்றம், விரவல் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பதால் அன்றைக்கே சொல்லிவிட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.) வட்டம் என்றால் 0, நார் என்றால் 1 பக்கம் என்று இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாகச் சொன்னால் அது எஃப்.ஏ. (ஃப்ராக்ஷனல் அனிசோட்ரோபி). அன்று அது எல்லோருக்கும் விளங்கியது.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வாரம் ஒரு கட்டுரை என்றெல்லாம் இல்லை, ஒரே ஒரு படம். அந்தப் படத்தில் எது அளந்தது, எது கணக்கிட்டது, எது அழகுக்குப் பூசிய வண்ணம் என்று பிரிக்க வேண்டும். தமிழில்தான் பேச்சு. ‘வெண்பொருள்’ என்ற சொல் மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை. டாக்டர் பெண்ணுக்கு அது ஒயிட் மேட்டர், பையன்களுக்கு ‘வெள்ளைச் சமாச்சாரம்’.

கைக்குத் தரவு வேண்டுமே. ஒரு மருத்துவமனையில் பெயர் நீக்கிய படங்கள் கேட்டுப் பார்த்தோம். நாலு முறை அலைந்தபின் முடியாது என்றார்கள். அப்போது கோபம் வந்தது. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாத ஒரு மாடி அறைக் கூட்டத்துக்கு யார்தான் தருவார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஓப்பன்நியூரோ என்ற இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி தரவு இருக்கிறது. கணக்குப் போடும் மென்பொருள்கள் எஃப்.எஸ்.எல்., எம்.ஆர்.டிரிக்ஸ் இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொண்டோம். செலவு கரண்டுக்குத்தான். தலை அசைவையும் படத்தின் இழுப்பையும் சரிசெய்யும் கணக்கு, எட்டு ஜிபி லேப்டாப்பில் ராத்திரி முழுக்க ஓடும். லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகு நாள். ஒருமுறை விடிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் போய், எல்லாம் முதலிலிருந்து.

இதில் நான் மறக்காத மூன்று வாரம் ஒன்று உண்டு.

கணக்கு முடிந்து எஃப்.ஏ. படம் வந்தது. பிரமாதம். வெண்பொருள் பளிச்சென்று, நடுவே நீர் அறைகள் கறுப்பாக. திசை வண்ணப் படமும் பாடப்புத்தகம் போலவே வந்தது: இடவலம் சிவப்பு, முன்பின் பச்சை, மேல்கீழ் நீலம். எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். பிறகு டிராக்டோகிராபி போட்டோம், அதாவது வாக்ஸலுக்கு வாக்ஸல் திசையைத் தொடர்ந்து இழைகளின் பாதையை வரைந்தோம். மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் கார்பஸ் கலோசத்தின் முன்பகுதி இழைகள், இரு பக்கமும் முன்னோக்கி வளைந்து இடுக்கி போல் நிற்க வேண்டும். எங்களுக்கு வந்தவை நடுவில் கொஞ்ச தூரம் ஓடி, முறிந்து நின்றன. வளைவுக் கோணத்தைக் கூட்டினோம், எஃப்.ஏ. வரம்பைக் குறைத்தோம். தரவே மோசம் என்றான் ஒருவன். லேப்டாப் மோசம் என்றான் இன்னொருவன்.

மூன்றாவது வாரம் டெக்னீஷியன் தம்பி, வாக்ஸலுக்கு ஒரு குச்சியாகத் திசையைக் காட்டும் படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “சார், நடுவுல சரியா இருக்கு. ஓரம் போகப் போகக் குச்சியெல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு.” பார்த்தால் அப்படித்தான். காற்று மேற்கிலிருந்து அடிக்க, பயிர் மேற்கே பார்த்துச் சாய்ந்த மாதிரி.

கம்ப்யூட்டர் பையன் ஒருவன், பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தான். அளந்த திசைகள் இருக்கும் கோப்பை அப்படியே விட்டுவிட்டான். எஃப்.ஏ. எவ்வளவு நாராக இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எந்தப் பக்கம் சாய்வு என்று அதற்குக் கவலையில்லை. வண்ணப் படமோ கூட்டல் கழித்தல் குறியை நீக்கிவிட்டுத்தான் வண்ணம் பூசுகிறது. ஆக இரண்டிலும் தவறு தெரியவே தெரியாது. அந்தக் கோப்பில் ஒரு வரிசையின் குறியை மாற்றி மறுபடி ஓட்டினோம். இடுக்கி எழுந்து நின்றது. இதைச் சோதிக்கவென்றே எம்.ஆர்.டிரிக்ஸில் ஒரு கட்டளை இருப்பது அப்புறம் தெரிந்தது. அந்தப் பையன் இரண்டு வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். நானும்தானே மூன்று வாரம் அதைப் பார்த்துவிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் ஊரில் செய்தி பரவி, ஒருவர் தன் அம்மாவின் ஸ்கேன் கவரோடு மாடியேறி வந்துவிட்டார். ரிப்போர்ட்டில் வெண்பொருளில் மாற்றம் என்று போட்டிருந்தது, வீடே கலங்கிப்போயிருந்தது. வயதானவர்களுக்கும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த வெள்ளைத் திட்டுகள் அடிக்கடி தெரியும் என்றும், ஃபசேகாஸ் என்பவர் 1987-ல் கொடுத்த முறைப்படி 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள் என்றும் டாக்டர் பெண் பொதுவாகச் சொன்னாள். கவரைத் திறக்கவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள் என்று அனுப்பிவைத்தாள். அன்று முதல் யாருடைய ஸ்கேனையும் இந்த அறையில் பார்ப்பதில்லை. எனக்கு வருத்தமாக இருந்தாலும் அவள் செய்ததுதான் சரி.

இடுக்கி வந்த தெம்பில் இருந்த எங்களை, 2017-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் வந்த ஒரு கட்டுரை தரையில் இறக்கியது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு செயற்கை மூளைப் படத்தை 20 குழுக்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருந்தது 25 இழைக்கட்டுகள். வந்தது 96 விடைகள். இருந்த கட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் வரைந்ததில் இல்லாத கட்டுகள் அதைவிட அதிகம். வெவ்வேறு குழுக்கள் ஒரே இல்லாத கட்டை வரைந்திருந்தன. இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் ஐந்து ஞாயிறு போனது.

அந்த ஐந்தில் ஒன்றில் டியூஷன் மாடிச் சாவி கிடைக்கவில்லை. வலங்கைமான் பக்கத்தில் ஒரு மாணவியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் அப்பா பொதுப்பணித்துறையில் மதகு லஸ்கராக (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) இருந்து ஓய்வு பெற்றவர். பிரிண்ட் எடுத்த டிராக்டோகிராபி படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இதுல தண்ணி எந்தப் பக்கம் போவுது?”

“அது தெரியாதுப்பா. இப்படி ஒரு வழி இருக்குன்னுதான் தெரியும். மேலேருந்து கீழேயா, கீழேருந்து மேலேயான்னு இதுல வராது.”

“அப்ப இந்தப் படத்தப் பாத்து மதகத் தொறக்க முடியாது.”

அவர் விடவில்லை. ஒரு வாய்க்காலை இன்னொன்று குறுக்கே வெட்டும் இடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அங்கேதான் டென்சர் திணறும். ஒரு வாக்ஸலுக்கு அது ஒரே குச்சிதான் கொடுக்கும். இரண்டு கட்டு குறுக்கிட்டால் குச்சி தட்டையாகி எஃப்.ஏ. இறங்கிவிடும். வெண்பொருளில் பெரும்பகுதி இப்படிக் குறுக்கிடும் இடம்தான். அவர் சிரித்தார். “நாங்க சைபன் போட்டு ஒண்ண அடியில வுட்டுருப்போம். மேலேருந்து பாக்குறவனுக்கு ஒரு வாய்க்கால்தான் தெரியும்.” சாயங்காலம் எங்களை நடத்தியே கூட்டிப்போய் ஒரு சைபனைக் காட்டினார். டெக்னீஷியன் தம்பி மேலே நின்று போனில் படம் எடுத்தான். ஒரு வாய்க்கால்தான் விழுந்தது.

இப்போது டென்சரை விட்டுவிட்டு, ஒரு வாக்ஸலுக்குள் பல திசைகளைப் பிரித்துக் காட்டும் முறைக்கு வந்திருக்கிறோம். ஒன்பது பேர் தவறாமல் வருகிறார்கள். லஸ்கர் அய்யாவும் இரண்டு முறை வந்தார். வரும் ஜூன் 12-க்குப் பிறகு இரண்டு வாரம் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது, ஓய்வு பெற்றிருந்தாலும், மதகுப் பக்கம் போகாமல் வீட்டில் இருக்க முடியாதாம். காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறையும் அடித்துவிட்டோம்.