கிறிஸ்துமஸ் மேசையும் குடும்பப் படமும்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

கிறிஸ்துமஸ் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கேமரா இல்லை, வீட்டு விளக்குகள்தான். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய ஆரஞ்சு: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700, மெழுகுவர்த்தி 1900 பக்கம். மூன்றும் ஒரே தட்டில் விழுந்தால் ஐசிங்கின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம்தான் சரியாகும். அதனால் சாப்பாட்டைப் பகலில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுப்பது, ஆட்களை இருட்டிய பிறகு எடுப்பது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேக்குக்கு ஜன்னலோர மேசை போதும். வெளிச்சம் பின்பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். முன்னால் இருந்து வந்தால் கேக்கின் சொரசொரப்பே தெரியாது. எதிர்ப்புறம் ஓரடி தள்ளி ஏ3 அளவில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டலாம்.

எக்ஸ்போஷரில், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக விழ வேண்டும் என்பதில், கேமராவை நம்ப முடியாது. கருத்த பழக்கேக்கைச் சாம்பலாக்கிவிடும், ஆகவே எக்ஸ்போஷர் திருத்தத்தில் (+/- குறி) மைனஸ் 2/3. வெள்ளை ஐசிங்கை அழுக்காக்கிவிடும், அதற்குப் பிளஸ் 2/3 முதல் 1 வரை. ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 50 மிமீ லென்ஸ், அரை மீட்டர் தூரம், லென்ஸ் திறப்பு எஃப்/1.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்றால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்தான். முன்னால் இருக்கும் செர்ரி மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் கூழ். எஃப்/5.6-இல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். டிரைபாட் இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, ஷட்டர் 1/15 நொடி கூடச் சரிதான், கேக் அசையப் போவதில்லையே. ஃபோகஸ், வெட்டிய முகத்தில் பழத்துண்டுகள் தெரியும் முன்விளிம்பில். துண்டு போட ரம்பப்பல் கத்தி. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்காவிட்டால் ஐசிங்கில் தூள் அப்பிவிடும்.

சர்க்கரைத்தூள் சல்லடையில் இருந்து விழும் படத்துக்கு இருண்ட பின்னணியும் பின்வெளிச்சமும் வேண்டும். ஷட்டர் 1/60-இல் கோடுகோடாக விழும், 1/500-இல் துகளாக நிற்கும். கேக்கில் சூடு மிச்சமிருந்தால் தூள் கரைந்து ஈரத்திட்டாகிவிடும். வறுத்த இறைச்சியின் பளபளப்பும் சில நிமிடங்கள்தான். பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டுத் தடவலாம். எதற்கும் காலித் தட்டை வைத்து எல்லா அமைப்பையும் முடித்துவிட்டு, கடைசியில் உணவை வைப்பதே நல்லது.

இனி ஆட்கள். மரத்தை ஒட்டி நிற்க வைப்பதுதான் வழக்கம், அதுதான் தவறும். இரண்டு மீட்டர் முன்னால் வரச் சொன்னால் எஃப்/2.8-இல் சின்ன விளக்குகள் ஒளி வட்டங்களாகும். எல்இடி சரவிளக்கால் படத்தில் பட்டைகள் விழுவதுண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடிகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. சத்தமில்லாமல் சென்சாரே படம் பதியும் எலெக்ட்ரானிக் ஷட்டர் இங்கே வேண்டாம்.

ஃப்ளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல் கூரையில் பட்டுத் திரும்ப விடுங்கள். கூரை வெள்ளையாக இருக்க வேண்டும், பச்சைக் கூரை என்றால் முகமும் பச்சைதான். ஆட்கள் ஒளி திரும்பும் இடத்துக்கு நேர் கீழே நின்றால் கண்குழி இருட்டும். ஃப்ளாஷ் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் சரியாகும். ஃப்ளாஷில் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டி ஒயிட் பேலன்ஸை 3200-இல் வைத்தால் பின்னணியின் பல்பு வெளிச்சமும் முகமும் ஒத்துப்போகும்.

குழுப்படத்துக்கு இரண்டு வரிசை, எஃப்/5.6, ஃபோகஸ் முன்வரிசை முகத்தில். போனில் அகலக் கோண லென்ஸைத் தவிர்க்கலாம், ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபடும். கண் மூடும் தொல்லைக்கு ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கணக்கே போட்டு 2006-இல் இக் நோபல் பரிசு (சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கானது) வாங்கினார்கள்: இருபதுக்குக் குறைவானவர்கள் என்றால் எல்லோரும் கண் திறந்திருக்கும் ஒரு படமாவது கிடைக்க, தலைகளை மூன்றால் வகுத்த எண்ணிக்கையில் படம் எடுக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு இரவில் ஆறு படம். ஃப்ளாஷை முழுச் சக்தியில் வைத்தால் அந்த ஆறுக்கும் இடையே அது சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டும். 1/4 சக்தியில் வைத்து ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால் குழந்தைகள் கலைவதற்குள் முடிந்துவிடும்.