கடற்காற்றும் ஃபிரிட்ஜ் கதவின் துருவும்

திருவான்மியூரில் கடலுக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டில் இரும்புத் தகடு எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை. காற்றோடு வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், பெயின்ட்டில் சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்தே துரு பரவுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேற்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்; ஃபிரிட்ஜ் கதவின் அடிவிளிம்பில், தரை துடைக்கும் ஈரம் படும் உயரத்தில், அத்தகைய கொப்புளங்கள் வரிசையாக எழுந்திருந்தன.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கொப்புளங்களைப் பட்டிக்கத்தியால் சுரண்டி, 80-ஆம் எண் உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். துரு பெயின்ட்டுக்கு அடியிலும் ஓடியிருக்கும் என்பதால், ஓரத்திலுள்ள நல்ல பூச்சையும் சற்றுத் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, முழுவதும் உலரவிட்டேன். பலரும் விட்டுவிடும் இந்த வேலையே என் பார்வையில் மிக முக்கியமானது. உப்பு உள்ளே தங்கிவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட்டும் பயன்தராது. குழிகளில் எஞ்சிய துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றியது. அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமரும், இரண்டு மெல்லிய எனாமல் பூச்சுகளும் அடித்தேன்.

பக்கவாட்டுத் தகட்டில் மட்டும் கிரைண்டரையோ துளையிடும் கருவியையோ வைக்கவே கூடாது. பல ஃபிரிட்ஜுகளில் அதன் பின்னாலேயே வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் இன்று பரவலாக நிரப்பப்படும் ஆர்600ஏ என்னும் குளிரூட்டும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது.