சோறு கொண்டுவராத பிள்ளை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு ஜப்பான்காரன் என்றால் ஒன்றுதான்: தாத்தாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப்போனவன். 1943இல் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்களாம், அவர் திரும்பவில்லை. அத்தைக்கு அப்போது மூன்று வயது. ஜப்பானில் வேலை பார்க்கும் மகளைப் பார்த்துவிட்டு ஒரு புகைப்படப் புத்தகத்தோடு வந்த நான், அதை இரண்டு வாரம் அலமாரியிலேயே ஒளித்து வைத்திருந்தேன்.

வடக்கே சகாதா நகரில், புகைப்படக்காரர் கென் டோமோன் எடுத்த படங்களுக்காகவே 1983இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஹிரோஷிமா படங்களும் இருந்தன. தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை. அந்தக் குண்டு விழுந்ததால்தான் சயாமில் மிஞ்சியவர்கள் உயிரோடு வந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சுவருக்கு முன் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

நின்றது சிக்குஹோ படங்களுக்கு முன்னால். கியூஷு தீவின் நிலக்கரி வட்டாரம் அது. எண்ணெய் வந்து கரியின் மவுசு போனதும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1959 கடைசியில் டோமோன் அங்கே போய்ப் பிள்ளைகளைப் படமெடுத்தார். மறு ஆண்டு அவற்றை மட்டமான தாளில் புத்தகமாக அச்சிட்டு, ஏழைகளும் வாங்கட்டும் என்று 100 யென்னுக்கு விற்றார். (நான் வாங்கி வந்தது அந்தப் புத்தகம்தான்; என் பிரதிக்கு நான் கொடுத்த விலையை அத்தையிடம் சொல்லவில்லை.) வரிசை வீடுகள், அழுக்குச் சட்டை, மூக்கொழுகும் குழந்தை. கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஆள் குறைந்துபோன எங்கள் லயத்தை யாரும் இப்படிப் படமெடுக்கவில்லை.

போன ஞாயிறு வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்து அத்தை அதைப் புரட்டினார். முகம் இறுகித்தான் இருந்தது. ஒரு பக்கத்தில் கை நின்றது. வகுப்பறை, பகல் வேளை. பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். சிலர் மட்டும் புத்தகத்தை விரித்துக் குனிந்திருக்கிறார்கள்.

“சாப்பாட்டு நேரத்திலும் படிக்கிறார்கள், பாருங்கள் அத்தை” என்றேன், படத்தின் கதை தெரிந்தே.

“படிக்கிற பிள்ளையா இது? சோறு கொண்டுவராத பிள்ளை, தம்பி.” கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். “நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடுவேன். உன் அப்பா சிலேட்டை அழித்துக்கொண்டே இருப்பான். அதில் ஒன்றும் எழுதியிருக்காது.”