வெள்ளைத் தோட்டத்தில் ஒரு மேகம்

லண்டன் சேரிங் கிராஸில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட். அங்கிருந்து டாக்சி. கென்ட் பகுதியில் இருக்கும் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் போய் இறங்கியபோது ஜூலை வெயில் உச்சியில் நின்றது.

முதல் வேலையாகக் கோபுரத்தில் ஏறினேன். மேலிருந்து பார்த்தால்தான் இந்தத் தோட்டத்தின் சூட்சுமம் பிடிபடும். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்டும் அவர் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930இல் வாங்கியபோது இடிந்து கிடந்த இடம் இது. கோடு போட்டவர் கணவர். யூ என்ற ஊசியிலை மரத்தால் வேலி, செங்கல் சுவர் என்று அறை அறையாகத் தடுத்தார். அதற்குள் செடிகளை நிரப்பி வழியவிட்டவர் மனைவி. கோடு அவ்வளவு நேராக இருப்பதால், செடி எப்படிச் சரிந்து கிடந்தாலும் புதராகத் தெரிவதில்லை.

அவர்கள் படுத்து உறங்கிய குடிலின் முன்னால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மட்டும். அழகுதான், ஆனால் என்னை நிறுத்தி வைத்தது முற்றத்து ஊதாப் பாத்தி. தூரத்தில் ஒரே ஊதா. கிட்டப் போனால் கத்தரிப்பூ நிறம், நாவல்பழ நிறம், நீலம், மெஜந்தா, நடுநடுவே இளஞ்சிவப்பு. வெறும் கருஊதாவாக நட்டிருந்தால் சுவரோடு சுவராக அமுங்கிப் போயிருக்கும். அந்த இளஞ்சிவப்புதான் தூக்கிக் கொடுக்கிறது. நர்சரியில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வந்து மொட்டைமாடியை பலூன் கடையாக்கி வைத்திருக்கும் எனக்கு, கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அப்புறம் வெள்ளைத் தோட்டம். 1950ஐ ஒட்டி உருவானது. நடுவில் இரும்புப் பந்தல் முழுக்க ரோசா முல்லிகானி என்ற கொடி ரோஜா. வருஷத்தில் சில வாரம்தான் பூக்கும். அதற்காகவே ஜூலையில் வந்தேன். உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் ஏமாற்றம். உச்சி வெயிலில் வெள்ளைப் பூ எல்லாம் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி கண்ணைக் கூசியது.

சரி, இலையைப் பார்ப்போம் என்று குனிந்தேன். அங்கே வெள்ளையைவிடப் பச்சையும் சாம்பலும்தான் அதிகம். ஆட்டுக்குட்டிக் காது என்று அவர்கள் சொல்லும் செடியின் இலையைத் தடவினேன், பொடிப்பொடியாக ரோமம். அந்த ரோமம்தான் ஒளியைச் சிதறடித்து இலையைச் சாம்பலாகக் காட்டுகிறது.

அந்திக் கருக்கலில் இந்தப் பூக்களுக்கு மேலே கூகை பறக்க வேண்டும் என்று வீட்டா ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார். நம் ஊர் நந்தியாவட்டையும் விளக்கு வைக்கிற நேரத்தில்தானே தனியாக எடுத்துத் தெரியும்? ஜூலையில் அங்கே இருட்ட ஒன்பது மணிக்கு மேலாகும். அதற்குள் தோட்டத்தை மூடிவிடுவார்கள்.

திடீரென்று ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. சாம்பல் இலைகள் பின்னால் ஒதுங்க, பூக்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்து மிதந்தன. ஒரு நிமிஷம் இருக்கும். மேகம் விலக, ரோஜா மறுபடி வெளுத்துப்போனது.

டாக்சி வர இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த மேகத்தைத் தேட ஆரம்பித்தேன்.