மூன்று கட்டு வீட்டுக்கு மெஷ் வைஃபை தேடிய கதை

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். டேப் வைத்து அளந்தேன், 170 அடி நீளம். முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படிக் கட்டு. ஃபைபர் போட வந்தவர் முகப்பிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார், உள்ளே ஒயர் இழுக்க அவருக்கு மனசில்லை. நான் வேலை பார்க்க உட்காருவதோ இரண்டாம் கட்டில். முகப்பில் உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவருக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு, முகப்பில் 95 காட்டுகிறது, என் மேஜையில் 4.

முதலில் எல்லாரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன், மலிவாக ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன், வருகிற வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. சிக்னல் செத்துக் கிடக்கும் இடத்தில் அதைச் சொருகிவிட்டு, ஏன் வேகம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கே கிடைக்காததை அது எங்கிருந்து கொடுக்கும்? அதிலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகம் அது, கிடைத்ததிலும் பாதி போச்சு.

அப்புறம் மெஷ் பக்கம் போனேன், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்த இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகத் தருவது. பெட்டிமேல் இத்தனை ஆயிரம் சதுர அடி என்று போட்டிருப்பார்களே, அதை நம்ப வேண்டாம். அது நம் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. எங்கள் சுவர் நிலைப்படி பக்கம் அளந்தால் ஒன்றரை அடிக்குக் குறையாது. வைஃபைக்கு வழக்கமாக இரண்டு அலைவரிசை (பேண்ட்), 5 கிகாஹெர்ட்ஸும் 2.4 கிகாஹெர்ட்ஸும். 5 வேகமாகப் போகும், ஆனால் இப்படி இரண்டு சுவர் குறுக்கே வந்தால் படுத்துவிடும். 2.4 தட்டுத்தடுமாறி உள்ளே நுழையும், வேகம் இருக்காது.

வாங்குவதற்கு முன் செய்த ஒரே உருப்படியான காரியம், போனில் சிக்னல் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்ததுதான். ஆப் காட்டும் எண் (டிபிஎம்) பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ சிக்னல் அவ்வளவு பலம். மைனஸ் 50 என்றால் பிரமாதம், மைனஸ் 67 வரை வீடியோ கால் ஓடும், மைனஸ் 80 என்றால் பேருக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தாளில் வீட்டை வரைந்து அறை அறையாக எண்ணைக் குறித்தேன். வளவின் கடைக்கோடியில், திறந்த வானத்துக்குக் கீழே, மைனஸ் 62. அதைவிடக் கிட்டத்தில், ஒரு சுவர் தள்ளி இருக்கும் அறையில் மைனஸ் 81. எங்கள் ஊர் வீடுகளில் வாசலில் நின்றால் பின்கதவு வரை நேராகத் தெரியும் இல்லையா, சிக்னலும் அந்த வழியில்தான் நடக்கிறது. மதியம் அப்பத்தா நடுக்கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் அந்தத் தேக்குக் கதவுக்கே ஏழெட்டு எண் இறங்குகிறது.

பெட்டியை வைக்க இடம் கிடைப்பதும் லேசு இல்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் பாதி பங்காளிகளுடையது, பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இல்லை.

சரி, எதை வாங்குவது? இந்த இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள டூயல்-பேண்ட் மெஷ் பெட்டிகள் கம்பி இல்லாமல் பேசிக்கொள்ளும்போது, நம் போனுக்குக் கொடுக்கும் அதே 5 கிகாஹெர்ட்ஸில்தான் தங்களுக்குள்ளும் பேசும், அதனால் வேகம் பங்கு பிரியும். தங்களுக்குள் பேச மூன்றாவதாக ஒரு பேண்டை ஒதுக்கும் ட்ரை-பேண்ட் பெட்டிகள் உண்டு, விலை ஏறும். அதற்கும் இதே சுவர்தான் குறுக்கே நிற்கும். கேபிள் இழுத்துவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. கேட்6 என்கிற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். ஆக டூயல்-பேண்ட் போதும், ஆனால் பெட்டியில் கேபிள் சொருகும் இடம் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டாக இருக்க வேண்டும். விலை குறைந்த சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், நாளைக்கு 300 திட்டத்துக்கு மாறினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் டிபி-லிங்க் டெக்கோ எக்ஸ்50, மூன்று பெட்டி சேர்ந்தது, வாங்கினேன். வைஃபை 6, ஒவ்வொன்றிலும் மூன்று கிகாபிட் போர்ட்.

கேபிளுக்குச் சித்தப்பாவைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது. போனில், "கேபிள் இழுத்துக்க தம்பி, ஆனா சுண்ணாம்புச் சுவத்துல ஓட்டை கீட்டை போட்டுறாதே" என்றார். எலக்ட்ரீசியனும் நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு அலைந்தோம். முகப்புக் கதவுக்கு மேலே இருக்கும் காற்றுச் சந்து வழியாக உள்ளே நுழைத்து, வளவில் தகரத் தூம்பு ஓரமாகவே கொண்டுபோய், இரண்டாம் கட்டின் ஜன்னலில் இறக்கினோம். ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. முழுச் செம்பு இருக்கும் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதையும் அதே பெயரில் விற்கிறார்கள். நான் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள் வாங்காமல் சாதா கேபிளைப் போட்டேன், இரண்டே மாதத்தில் அணில் கடித்துவிட்டது. மறுபடி கறுப்புக் கேபிளைக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம், அதற்கு இன்னொரு ஞாயிறு.

முதல் பெட்டியை முகப்பில் பெரிய ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்புறம் இருப்பது உலோகப் பூச்சு என்பது அப்போது உறைக்கவில்லை. வெளியே எடுத்து வைத்ததும் வளவில் எண் ஏறியது.

ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர், டெக்கோவும் ஒரு ரவுட்டர், இரண்டும் தனித்தனியாகக் குடும்பம் நடத்தினால் பிரிண்டர் ஒரு வீட்டிலும் லேப்டாப் இன்னொரு வீட்டிலும் இருப்பது மாதிரி ஆகிவிடும். டெக்கோ ஆப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் முறைக்கு மாற்றி, ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்தேன். முடிந்தது.

கரண்ட் போனால் இரண்டாம் கட்டில் இன்வெர்ட்டர் லைன் இல்லை, அங்கே மட்டும் ஒரு மினி யூபிஎஸ். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது என் மேஜையில் 92 வருகிறது. மூன்றாவது பெட்டி அடுப்படிக் கட்டில், கேபிள் இல்லாமலே 40 தருகிறது, அப்பத்தாவின் சீரியலுக்கு அது தாராளம். பங்காளிகளின் பூட்டிய அறைகளில் மட்டும் இன்னும் மைனஸ் 80தான். பொங்கலுக்கு வரும்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும்.